லட்டு லாசரின் மூக்கில் ஒரு கறை

கண் பரிசோதனை முகாம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எங்கள் சித்திரக்கதையைப் பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அது ஷேர் ஆட்டோவில் பயணம் செய்தது, ஜனங்கள் சிரித்துக்கொண்டே வந்து கண்ணைக் காட்டிவிட்டுப் போனார்கள், கூடம் நிரம்பி வழிந்தது என்றெல்லாம் சொல்லியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் வந்ததற்கு மூலகாரணம், நான் ஒரு மனிதரை நாலு பேர் முன்னால் கேலி செய்தது. அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனவே நான் சொல்கிறேன்.

நான் ஒரு கண் மருத்துவமனையின் வெளிக்களப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். சமூகப்பணி முறையாகப் படித்தவன். மக்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று வகுப்பே எடுத்தவன். சர்க்கரை நோயாளிகளைக் கண் பரிசோதனைக்கு வரவழைப்பது எவ்வளவு கடினம் என்று நீங்கள் இனிமேல் தெரிந்துகொள்வீர்கள். கால் புண் என்றால் வலிக்கும், வருவார்கள். கண்ணுக்குள் விழித்திரை கெட்டுக்கொண்டிருக்கும்போது வலியே இருக்காது. பார்வையும் நன்றாகவே இருக்கும். "கண்ணு சோக்காத்தானே தெரியுது, அப்பால இன்னாத்துக்கு டெஸ்ட்டு?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நான் வருடக்கணக்காக நோட்டீஸ் எழுதினேன். அம்பத்தூர் டீக்கடைகளில் அதில் பஜ்ஜி வைத்துக் கொடுத்தார்கள். எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது என்று ஒரு கடைக்காரர் இன்னும் ஒரு கட்டு கேட்டார்.

ஸ்டெல்லா அப்போது எங்கள் பிரிவில் கண் பரிசோதகராக இருந்தாள். சேக்காட்டுப் பெண். நோயாளி இல்லாத நேரத்தில் மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் என் வழுக்கையை வரைந்து மற்றவர்களுக்குக் காட்டுவாள். அவள்தான் சொன்னாள்:

"சார், உங்க நோட்டீஸ் பிரசங்கம் மாதிரி இருக்கு. எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு பிரசங்கமே போதும். படம் போட்டுப் பார்க்கலாமா?"

அப்படிப் பிறந்தவன்தான் லட்டு லாசர். ஆவடி–பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். சர்க்கரை உண்டு. மனைவி ராணிக்குத் தெரியாமல் சட்டைப் பையில் லட்டு ஒளித்துவைப்பான். ராணி அதை எப்படிக் கண்டுபிடிப்பாள் என்றால், எறும்புகள் வரிசையாக அவன் சட்டையில் ஏறும். நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த ஒவ்வொரு தாளிலும் லட்டு வேறு இடத்துக்குப் போகும். எறும்பும் பின்னாலேயே போகும். ஜனங்களுக்கு லாசரைவிட எறும்பைத்தான் பிடித்தது. தாள் கொடுக்கப் போகும் இடத்தில், "இன்னா சார், எறும்பு இந்த வாட்டி எங்க ஏறுது?" என்று கேட்பார்கள்.

சிக்கல் மூன்றாவது தாளில் வந்தது. அதில் மொத்தம் ஆறு படம். நான்காவது படத்தை மட்டும் ஸ்டெல்லா லாசரின் கண் வழியாக வரைந்திருந்தாள். எதிரே பேருந்து வருகிறது. அதன் எண் பலகையின் மேலும் சாலையின் மேலும் மை கொட்டியதுபோலக் கறைகள். கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. "இது கண் நோயின் அறிகுறி" என்று போடலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"போட்டா படிச்சிட்டுப் போயிடுவாங்க சார். போடலைன்னா நம்மகிட்ட வந்து கேப்பாங்க."

கேட்டார்கள். ஒரு வாரம் முழுக்க வேறு எதையுமே கேட்கவில்லை. "அச்சு கெட்டுப்போச்சு, வேற குடுங்க" என்று தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மா முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்தார். பருத்திப்பட்டில் ஒரு சலூன்காரர் பிளேடால் சுரண்டி, படத்திலிருந்த பேருந்தில் ஓட்டை போட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன்: "அது அச்சுப் பிழை இல்லைங்க. நாலாவது படத்துல லாசருக்குக் கண்ணு அப்படித் தெரியுது." திகைத்துப் பார்ப்பார்கள். பிறகு தங்கள் கண்ணையே ஒரு தரம் கசக்கிக்கொள்வார்கள். ஸ்டெல்லா சொன்னதுதான் சரி. ஆனால் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்பவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே, அவர் என்ன கேட்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வான்.

ஆவடி ரயில் நிலைய வாசலில் மேசை போட்டிருந்தோம். காலை நெரிசல். கட்டம் போட்ட சட்டை, மடித்துவிட்ட கை, ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவர் தாளோடு வந்தார்.

"இன்னா சார், பிரிண்டிங் இவ்ளோ மட்டமா கீது?"

நான் நிமிராமலே ஆரம்பித்தேன். "அது அச்சுப் பிழை இல்லண்ணா. நாலாவது படத்துல..."

"நாலாவதெல்லாம் இல்ல. மொதல் படத்துலயே கீது. பாருங்க, இவன் மூக்கு மேல."

விரலை வைத்துக் காட்டினார். நான் அந்த இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தொல்லை விட்டால் போதும் என்று அடுக்கிலிருந்து வேறு தாளை உருவிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். திறந்தார்.

"இதுலயும் கீது. இப்ப மூக்கு மேல இல்ல, லட்டு மேல. நகந்துகினே கீது சார். நான் எஸ்டேட்ல அட்டைப்பொட்டி கம்பெனில செக்கிங் பாக்கறவன். மை காயறதுக்கு முன்னாடி அடுக்கினா இப்டித்தான் ஆவும். எவன் அடிச்சான் இத?"

பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். எனக்கு வேர்த்துக்கொட்டியது. நான் சொன்னேன்:

"நகர்ற மையா? காலைலயே போட்டுட்டு வந்துட்டீங்களாண்ணா?"

கூட்டம் சிரித்தது. "மாமே, உட்டா அந்த மை லட்டையும் துன்னுடும்" என்று ஒருவன் எடுத்துக்கொடுத்தான். இன்னும் பெரிய சிரிப்பு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மக்களோடு மக்களாகப் பேசிவிட்டேன் அல்லவா.

அவர் கோபப்படவில்லை. தாளை நாலாக மடித்து மேசையில் வைத்தார். "நான் குடிக்கிறது இல்ல சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மேசையை மடித்துத் திரும்பும்போது இதை ஒரு நகைச்சுவையாக ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"முதல் படத்துலயா சார்?"

"ஆமா. லாசர் மூக்குல கறையாம்."

"முதல் படம் சுத்தமா இருக்கு சார். ரெண்டு தாள்லயும் இருந்துதுன்னாரா? நகருதுன்னாரா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சர்க்கரையால் நொய்ந்த சின்ன இரத்தக்குழாய் கண்ணுக்குள் உடைந்தால், கசியும் இரத்தம் மைத்துளி மிதப்பதுபோலத்தான் தெரியும். பார்வை போகும் பக்கமெல்லாம் அதுவும் நகரும். ஊர் ஊராகப் போய் நான் சொல்லிக்கொடுத்த அறிகுறி அது. ஒரு மனிதர் அதைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னார். நான் அவரைக் குடிகாரர் ஆக்கி அனுப்பினேன். அடுத்த கசிவு பெரிதாக இருந்தால் அந்தக் கண்ணில் வெளிச்சமே போய்விடலாம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மறுநாள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய், அந்த எஸ்டேட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒவ்வொன்றாக ஏறினேன். வாசல் காவலாளிகளோடு நடந்த பேச்சு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

"யாரு சார் வேணும்?"

"பேர் தெரியலை. செக்கிங் பாக்கறவர். அச்சு சரியில்லைன்னு குறை சொல்லுவார்."

"அதுக்குத்தானே சார் செக்கிங் வெச்சிகிறாங்க."

ஆள் கிடைக்கவில்லை. எங்கள் தலைமை மருத்துவர் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். குரலை உயர்த்தாதவர். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, லாசரைக் கொண்டே அவரைத் தேடலாம் என்றார். அடுத்த தாளில் லாசர் அவரிடம் கைகூப்பி, "அண்ணாத்தே, நீ சொன்னது கரெக்ட்டு, வந்துடு" என்று கூப்பிடட்டும். நான் உடனே சரி என்றேன். மன்னிப்பு லாசர் கேட்டால் எனக்கு நல்லதுதானே.

நான் அவசரமாகச் சம்மதித்ததைக் கவனித்த மருத்துவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவரைப் பார்த்துச் சிரிச்சது லாசரா?"

"இல்லைம்மா. நான்தான்."

"அப்படின்னா உங்களை வரையட்டும்."

அன்று நான் தயங்கினேன். மருத்துவமனையின் பெயர் என்ன ஆகும், மக்கள் நம்மை எப்படி நம்புவார்கள் என்று நியாயம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அவர் கண்ணு காத்திருக்குமா?" என்றார். நான் பேச்சை நிறுத்தினேன். இளையவர்களே, அவசரத்தில் முடிவெடுப்பது பற்றி எத்தனையோ பயிற்சிகள் வருகின்றன. எனக்கு அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது.

ஸ்டெல்லா ஒரே படம் வரைந்தாள். ஒரு மேசை. பின்னால் வழுக்கைத் தலையும் தொப்பையுமாக நான், கைகூப்பி. என் சட்டைப் பையிலும் ஒரு எறும்பை ஏற்றிவிட்டிருந்தாள். கேட்டதற்கு, "சும்மா சார், ஜனங்க தேடுவாங்க" என்றாள். மேசைக்கு முன்னால் அந்த மனிதர். அவர் முகம் தெரியக்கூடாது என்பது மருத்துவர் அம்மாவின் கட்டளை. அதனால் முதுகு மட்டும். கட்டம் போட்ட சட்டை, வெளிச்சத்துக்குச் சாய்த்த தாள். என் வாயிலிருந்து வரும் குமிழில் எழுதியிருந்தது: "அண்ணா, அச்சு நல்லாத்தான் இருந்தது. நான்தான் சரியாகக் கேட்கவில்லை. மன்னியுங்கள். கறை தெரிந்தால் இன்றே வாருங்கள்."

நகலெடுத்து ஷேர் ஆட்டோக்களில் ஒட்டினோம். நிலையப் படிகளில், டீக்கடைகளில், பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் எல்லாம் ஒட்டினோம். சேக்காட்டில் ஒரு தேவாலயக் கூடத்தை முகாமுக்குத் திறந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆவடி வட்டாரத்தில் குறை சொல்லும் ஆண்கள் அத்தனை பேரையும் அவரவர் மனைவிமார் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"சார், நீங்க தேடற ஆளு இதோ. எது ஆக்கிப் போட்டாலும் உப்பு இல்லம்பாரு."

"இவரா? ஆவடி ஸ்டேஷன்ல எங்ககிட்ட வந்தாரா?"

"வந்தாரோ இல்லியோ, குறை சொல்ற முதுகு இதான்."

"ஏய், நான் எதுக்குடி குறை சொன்னேன்?"

"பாத்தீங்களா சார், இப்பக்கூட சொல்றாரு."

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்போம். பலருக்கு இருந்தது. வந்தது வந்துவிட்டார்கள், உட்காரவைத்து மருந்து விட்டுப் பார்த்தோம். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டக்கூடாது. அதையே மனைவிமார் கொண்டாடினார்கள். கறுப்புக் கண்ணாடியோடு கணவன் பின்னால் உட்கார, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் போகிற போக்கில், "மெதுவாப் போடி, மேடு பள்ளம் பாத்து" என்றார். "கண்ணு தெரியலைனாலும் குறை சொல்றத உடுறாரா பாரு" என்றார் அந்த அம்மா. கூடமே சிரித்தது. அவர்களில் சிலருக்கு விழித்திரையில் உண்மையாகவே கோளாறு இருந்தது. நல்ல நேரத்தில் பிடித்தோம்.

நான் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற ஒவ்வொரு கட்டம் போட்ட சட்டைக்கும் எழுந்து நின்றேன். அவர் வரவில்லை. கூட்டம் பெருகப் பெருக எனக்குப் பயம்தான் பெருகியது. பாராட்ட வந்தவர்களிடம் சிரித்துவிட்டு, பின்பக்கம் போய்த் தனியாக நின்றேன்.

கூடத்தை மூடும் நேரத்தில் ஒரு அம்மா அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கையில் வைத்திருந்தார் அந்த அம்மா.

"இந்த முதுகு எனக்குத் தெரியாதா சார்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கோவிச்சுகினு திரும்பிப் படுத்துக்கிற முதுகு இது."

நான் எழுந்து அவர் முன்னால் போனேன். ஒத்திகை பார்த்துவைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "தப்புதாண்ணா" என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத்த உடு சார். ஒண்ணு சொல்லு. பிரிண்டு கெட்டுப்போய் இருந்துச்சா, இல்லியா?"

"இல்லண்ணா. நல்லாத்தான் இருந்துது."

அவர் பெயர் ஏழுமலை. நாற்காலியில் உட்காரவைத்தோம். மருந்து விட்டோம். ஸ்டெல்லா கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்துத் திரையில் காட்டினாள். இடது கண்ணில் ஆரம்பக் கோளாறு. வலது கண்ணில் கறுப்பாக ஒரு தேக்கம், ஓரத்தில் இழை இழையாகப் பிரிந்து. ஏழுமலை திரைக்கு அருகே போய் அதைப் பார்த்தார்.

"இதானா நகந்துகினு இருந்தது?"

"ஆமாண்ணா."

"அப்ப கபூர் பாய் மேல தப்பே இல்லியா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் மனைவிதான் சொன்னார். கொஞ்ச காலமாகக் கம்பெனியில் ஏழுமலை நல்ல பெட்டிகளை எல்லாம் கறை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தாராம். மெஷின் ஓட்டுகிற கபூர் பாயோடு தினமும் சண்டை. மை சரியில்லை, உருளை துடைக்கவில்லை என்று முதலாளியிடம் ஏழுமலை போய்ச் சொன்னதில், கபூர் பாயை மெஷினிலிருந்து எடுத்து லோடு ஏற்றப் போட்டுவிட்டார்கள். அதன் பிறகும் கறை நிற்காததால் முதலாளி குழம்பிப்போய் ஏழுமலையையும் கொஞ்சநாள் வீட்டில் இருக்கச் சொன்னாராம். எஸ்டேட்டில் எனக்கு ஏன் அவர் கிடைக்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

"கண்ணு எனக்குப் போவட்டும் சார்" என்றார் ஏழுமலை. "அவன் சோத்துல மண்ணைப் போட்டுட்டேனே. அவன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

"முதல்ல கண்ணைப் பாப்போம்" என்றேன். "அப்பதான் அவர் மூஞ்சி தெரியும்."

சொல்லிவிட்டுப் பயந்தேன்; மறுபடியும் கேலி. ஆனால் இந்த முறை முதலில் சிரித்தவர் அவர்.

இரண்டு கண்ணுக்கும் லேசர் சிகிச்சை நடந்தது. உள்ளே இருந்த இரத்தம் மெல்ல மெல்லக் கரைந்தது. பார்வை திரும்பிய பிறகு ஒருநாள் மருத்துவர் அம்மாவிடம் தனியாகக் கேட்டேன்: நான் திருப்பி அனுப்பிய நாளுக்கும் அவர் வந்து சேர்ந்த நாளுக்கும் நடுவில் இன்னொரு கசிவு ஏற்பட்டிருந்தால்? "ஏற்படலை. அது அதிர்ஷ்டம்" என்றார். "அதிர்ஷ்டத்தை நம்பி முகாம் நடத்தக்கூடாது." அதற்கு மேல் அவர் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. கடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏழுமலை வேலைக்குத் திரும்பும் நாளில் என்னையும் வரச் சொன்னார். டாக்டர் சீட்டு மட்டும் கொடுத்தால் முதலாளி நம்புவாரே என்றேன். "மொதலாளி நம்பறதுக்கு இல்ல சார். தனியாப் போனா நான் பாதியில திரும்பிடுவேன்" என்றார்.

டீ இடைவேளை. கம்பெனி வாசலில் ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கபூர் பாய் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து டம்ளரை ஊதிக்கொண்டிருந்தார். ஏழுமலை நேராகப் போய், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"பாய், மெஷின்ல ஒண்ணும் இல்ல. மைல ஒண்ணும் இல்ல. கறை என் கண்ணுல இருந்துச்சு. உன் மேல சொன்னது அத்தனையும் பொய்."

முன்னுரை இல்லை, சாக்கு இல்லை. மருத்துவமனையின் பெயர், மக்களின் நம்பிக்கை என்றெல்லாம் நான் பேசியது ஞாபகம் வந்து எனக்குக் காது சுட்டது.

கபூர் பாய் டீயைக் குடித்து முடித்தார். "அப்ப என்னைக் கேட்ட கேள்வியெல்லாம்?"

"வாபஸ்."

"எங்க அம்மாவை இழுத்தியே, அது?"

"அதுவும் வாபஸ்."

"வாபஸ்னா ஆச்சா? அவங்களாண்ட வந்து சொல்லு. சொல்லிட்டு அங்கயே பிரியாணி துன்னுட்டுப் போ." சுற்றி நின்றவர்கள் கத்திக்கொண்டே இரண்டு பேரையும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளினார்கள். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பாய், அந்த டம்ளரை வெச்சுட்டு வந்து மெஷினை ஆன் பண்ணு" என்றார். விசில் பறந்தது.

நான் கிளம்பி வெளிவாசலுக்கு வந்துவிட்டேன். பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். கபூர் பாய்.

"சார், எனக்கும் சக்கரை கீது. கண்ணு நல்லாத்தான் கீது. ஆனா சாயந்தரமானா லைட்டைச் சுத்தி..." என்று ஆரம்பித்தவர், நான் அவசரத்தில் இருக்கிறேனோ என்று நிறுத்திக்கொண்டார்.

"ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு வந்துடுங்க பாய்" என்று சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம். எனக்கான பேருந்து நின்றுகொண்டிருந்தது. போகவில்லை. வாசலோரத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பலகையில் உட்கார்ந்து அவருக்கும் இடம் விட்டேன்.

"லைட்டைச் சுத்தி எப்படித் தெரியுது? சொல்லுங்க பாய்" என்றேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். பேருந்து போய்விட்டது. நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை.